முப்பத்தெட்டு எம்பி

குருமண்வெளித் துறையில்
பாதை என்றால் வழியல்ல, மிதவை.
அது அக்கரை போய்த் திரும்பும்வரை
என் முட்டைகள் வெயிலில் நிற்கும்.

களுவாஞ்சிகுடியில் நான்,
படுவான்கரையில் என் கடைக்காரர்கள்,
நடுவில் வாவி.
நாளுக்கு நூற்றுப்பத்துத் தட்டு.
தட்டுக்கு முப்பது.
தட்டில் உடையாதது
கணக்கில் உடையும்.

முதலில் செய்தது ஓர் இணையப் பக்கம்.
மலிவு.
என் மேசையில் அழகாகத் திறந்தது.
வெல்லாவெளியில் திறக்கச் சொன்னால்
வெள்ளைத் திரையில் ஒரு வட்டம்
செக்குமாடுபோல் சுற்றும்.
சபாநேசன் பொறுத்துப் பார்த்துவிட்டு
உள்ளங்கையில் எழுதிக்கொள்வான்.
பின்னேரம் வியர்வையோடு வந்து நிற்பான்:
"அக்கா, இது நாலா ஒன்பதா?"

மருதமுனை ஹிப்னா கேட்டாள்:
"ஒவ்வொரு சொல்லுக்கும்
கொழும்புக்குப் போய்க் கேட்டு வாற பக்கம்
உங்களுக்கு எதுக்கு?
போனுக்குள்ளேயே குடியிருக்கிற செயலி செய்வம்.
சிக்னல் போனா மடியில முடிஞ்சு வச்சிக்கும்,
வந்தா அவிழ்த்துக் கொட்டும்."
விலையும் சொன்னாள்.
என் காப்பு இரண்டையும் பார்த்தேன்.
இப்போது ஒன்றுதான் இருக்கிறது.

கடவுச்சொல் மறக்கிற மண்டூர்க் கடைக்காரர்
விரலை வைத்தால் போதும்.
உடைந்த தட்டை நின்ற இடத்திலேயே படம் பிடிக்கலாம்.
உன் கையிலா என் கையிலா என்ற சண்டை
பாதியாய்க் குறைந்தது.
மற்றப் பாதி இன்னும் இருக்கிறது.
ஓடர் வந்தால் கேட்கும் சத்தத்தை
நான்தான் தெரிந்தேன்:
முட்டையிட்ட கோழியின் கொக்கரிப்பு.
விடியப்புறம் மூன்றரைக்கு அது கொக்கரிக்க
பக்கத்தில் படுத்திருந்தவர் எழும்பி
"என்னடி அது?" என்றார்.
"காசு" என்றேன்.

பழுகாமத்தில்தான் முட்டியது.
யோகநாயகியின் கடை.
கடன் சொல்லாத கை.
"முப்பத்தெட்டு எம்பி வேணும்" என்றான் சபாநேசன்.
"ஒரு எம்பியே
எலெக்சனுக்குத்தான் வாறார்" என்று
போனை நீட்டினாள்.
இடமில்லை என்றது போன்.
தேவையில்லாததை அழிக்கச் சொன்னது.

அவன் தேடினான்.
படம் இல்லை, வீடியோ இல்லை.
குரல் பதிவுகள்.
ஆயிரத்துக்கு மேல்,
எல்லாம் ஒரே நம்பரிலிருந்து.
கடைசி வந்து இரண்டு வருடம்.
"அதுகளத் தொடாத தம்பி."
அவன் தொடவில்லை. கேட்கவுமில்லை.
அன்றைக்கு அவள் ஓடர்
மறுபடி உள்ளங்கையில் வந்தது.

வேறு போன் வாங்கச் சொல்லுங்கள் என்பாள்
என்றுதான் ஹிப்னாவிடம் சொன்னேன்.
எட்டு நாள் பேச்சில்லை.
ஒன்பதாம் நாள் அனுப்பினாள்.
முகப்பில் சிறகடித்த கோழி போயிருந்தது.
நிறம் மாறும் பின்னணி,
யாரும் பாவிக்காத எழுத்துருக்கள்,
நான் ஆசைப்பட்டுப் போடச் சொன்ன
கடைப் பலகையின் படம்கூட.
கொக்கரிப்பை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.
பதினொரு எம்பி.
"கொழுக்க வைக்கிறது லேசு அக்கா,
மெலிய வைக்கத்தான் எட்டு நாள்."

நேற்று நானும் போனேன்.
மழை இருட்டு. அக்கரை முழுக்கச் சிக்னல் செத்துக் கிடந்தது.
திரும்பும்போது, வாவி நடுவில்,
சபாநேசனின் சட்டைப் பையில் ஒரு கொக்கரிப்பு.
மறுகா ஒன்று.
மறுகா நிற்கவேயில்லை.
சைக்கிளோடு நின்ற மனிசன்
எங்கள் வெறுந்தட்டு அடுக்கை எட்டிப் பார்த்தார்:
"கோழியும் ஏத்தியிருக்கிறீங்களோ?"

பதினேழாவது பழுகாமம்.
தட்டு ஆறு.
குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது,
ஒருவரும் நிரப்புவதில்லை.
அதில் எழுதியிருந்தாள்:
"என்ட போனிலயும் கோழி கத்துது.
வீட்டுல சத்தம் இரிக்கிறது நல்லம்."