டிஸ்ப்ளே மாத்தணும்

முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
நாலுக்கு ஆறு கடை.
மாசத்துக்குப் பத்துப் போனாவது இப்படி வரும்.
கழற்றும் முன்பே தெரிந்துவிடும்
உடைத்தவருக்கு வயது இரண்டென்று:
சார்ஜர் துளையில் ஊறிப்போன பிஸ்கட்,
கண்ணாடி முழுக்கப் பருப்புச்சோற்றுக் கோடு,
ஒவ்வொன்றும் மொச்சைக்கொட்டை அகலம்.

முப்பிடாதியின் போனில் கூடுதலாகப் பீடித்தூள்.
ஸ்பீக்கர் வலையைப் பிரஷ்ஷால் தட்டினேன்,
தும்மல் வந்தது.

"தட்டுல கால வச்சிருதான் அண்ணாச்சி.
இலையக் கிழிச்சுப் போடுதான்.
இதக் குடுத்தா ஒரு எறநூறு சுத்திருவேன்.
நேத்து தீந்துபோச்சு. எறிஞ்சிட்டான்."
தீர்ந்தது சார்ஜா, நெட்டா, பாட்டா,
நான் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் ஆகும் என்றேன்.
மனசுக்குள் அதைப் பீடியாக மாற்றிப் பார்த்தாள்;
முகத்தில் தெரிந்தது, நாலு கட்டு.

பையன் பெயர் ஹர்ஷித்.
அவள் வாயில் அர்சித்து.
கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
உள்ளே தொங்கும் கவர்களை
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.
நகரவில்லை.
இரண்டு விரலை விரித்து
ஒரு ஹெட்செட்டைப் பெரிதாக்கினான்.
ஆகவில்லை.
உதடு கோணத் தொடங்கியது.

விரல் எனக்கு நேராக வந்தது.
இடது பக்கம் தள்ளினான்.
ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு
ஸ்டூலோடு இடது பக்கம் நகர்ந்தேன்.

அப்படியே நின்றுபோனான்.
பிறகு, ரொம்ப மெதுவாக, வலது.
வந்தேன்.
மேலே.
எழுந்தேன். தலை ரேக்கில் இடித்தது.
பாபநாசம் பஸ் ஹாரனையும் மீறி
ஒரு சிரிப்பு.

பலகைக்கு அடியில் நுழைந்து
மடியில் ஏறிவிட்டான்.
மூக்கில் இரண்டு தட்டு.
எங்கிருந்தோ மிச்சத் தூள், தும்மினேன்.
கண் விரிந்தது. மறுபடி தட்டினான்.
எட்டாவது தும்மல் வரைக்கும் நிஜம்,
அதற்கப்புறம் நடிப்பு.

ஒரு மணி நேர வேலை ஒன்றே முக்கால் ஆனது.
அவள் அவசரப்படுத்தவே இல்லை.
பெஞ்சில் உட்கார்ந்து
பையில் கொண்டுவந்த இலையெல்லாம்
வெட்டி முடித்திருந்தாள்.

நானூறு கையில்.
மீதி சனிக்கிழமை, கூலி போட்டதும்.
புதுக் கண்ணாடி ஒளிர்ந்ததும் இறங்கி ஓடினான்,
குனிந்த தலை நிமிரவில்லை.
திரும்பிப் பார்த்தான் என்று எழுத ஆசைதான்.

படியிறங்கியவள் நின்றாள்.
"நாளைக்குக் கட உண்டுமா அண்ணாச்சி?"
டெம்பர் ஒட்டியிருக்கேன்,
நாளைக்கே உடையாதும்மா என்றேன்.

"அதுக்குக் கேக்கல" என்றாள்.