தூரத்துக் காட்சி

பம்பாயிலிருந்து நாற்பது ஆட்களும்
ஆணியடித்த பெட்டிகளும் வந்திறங்கின வைகாசியில்
நானும் அவரும் மூன்று கிழமையாய்க் கதை பேச்சில்லை.
என்ர தோட்டை ஈடு வைத்து வலை வாங்கியிருந்தார்,
சொல்லாமல்.
சிமிழைத் திறந்தால் பஞ்சு மட்டும் கிடந்தது.

கதாநாயகன் நல்ல வடிவு.
ஆனால் உள்துறைமுகத்தில்,
குளம் மாதிரிக் கிடக்கிற கடலில்,
இரண்டு தரம் சத்தி எடுத்தான்.
கதாநாயகி வள்ளத்தில் கால் வைக்கமாட்டன் எண்டுவிட்டாள்.
அவளுக்கு நீந்தத் தெரியாது,
அவளின் உழைப்பில் ஒன்பது பேர் சாப்பிடுகினம் எண்டு
துணிக்கடை ஜெத்மல் பிறகு சொன்னார்.
திருகோணமலையில் அவர்களின் பாஷை தெரிந்த
ஒரே ஆள் அவர்தான்;
கடையைப் பூட்டிவிட்டு வந்து நிண்டார்.

வெளிச்சம் இன்னும் ஒரு மணித்தியாலம்தான்.
கமராக்காரர், தாராப்ஷா எண்டொரு ஒல்லி மனுசன்,
கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார்,
மணலில் இருந்து வலை பொத்தின
சந்தியாப்பிள்ளையின் தோளைப் பார்த்தார்.
பிறகு, மீன் கடகத்தோடு நிண்ட என்னை.

ஆளுக்கு இருபது ரூவா.

ஒரு பெடியன் எனக்கு மஞ்சள் சீலை சுற்றினான்.
"கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஏன் தம்பி மஞ்சள்?"
மஞ்சள்தான் நல்ல சாம்பலாய் விழுமாம்.
காதுக்குக் கண்ணாடிக்கல் தோடு தந்தான்,
கொப்பியில் எழுதி, கையெழுத்து வாங்கி.
நாயகனின் தொப்பியை அவர் தலையில் கவிழ்த்து
மூக்குவரை இழுத்துவிட்டினம்.

ஜெத்மல் கரையிலிருந்து கத்தினார்:
"சந்தோசமான பாட்டு! சந்தோசமான பாட்டு!
இவ்வளவு தூரத்துக்கு வாய் தெரியாது,
சும்மா கதைச்சுக்கொண்டு போங்கோ.
சிவப்புத் துணி ஆட்டினால் திரும்புங்கோ."

கதைத்தம்.
பதினொரு ரூவா வட்டி எண்டன்.
பழைய வலையில் மீன் நிண்டதோ எண்டார்.
அது என்ர அம்மாவின் தோடு எண்டன்.
துடுப்பு நாலு தரம் விழுந்தது.
"கேட்டிருந்தால் தந்திருப்பன்."
"தருவாய் எண்டு தெரிஞ்சுதான் கேட்கேல்லை."
அதற்கு என்ன சொல்றது?
கையால் தண்ணியை ஓங்கி அடித்தன்.
அவரின்ர முகமெல்லாம் கடல்.

கண்ணாடித் தோட்டைக் கொப்பி பார்த்து வாங்கிக்கொண்டினம்.
நாற்பது ரூவாய்க்கு ஒரு தோடு மீளும்;
ஒற்றையாய்த் தரமாட்டன் எண்டான் ஈட்டுக்கடைக்காரன்.

அடுத்த வருசம் படம் வந்தது, நாலு நாள் ஓடினது.
பக்கத்துக் கதிரையில் ஜெத்மல்.
என்ர பிடரியிலிருந்து
ஆரோ ஒருத்தி பாடத் தொடங்கினாள்.
எங்கேயோ ஒரு அடைத்த அறைக்குள் நிண்டு பாடியிருப்பாள்,
திருகோணமலையைக் கண்டிருக்கமாட்டாள்.
"என்ன சொல்றாள்?"
"உன் பெயரைத் தண்ணீரில் எழுதினேன்,
மீன்கள் படித்துவிட்டன எண்டு சொல்றாள்."
அது வட்டிக் கணக்குச் சொன்ன இடம்.

என்ர கை தண்ணியில் விழுந்த நொடிக்கு
முகம் தெரியாத ஒரு மனுசன்
தபேலாவில் ஒரு அடி அளந்து வைத்திருந்தான்.
கலரியில் விசில்.
இவர் இருட்டில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சி அளவுக்கு மிஞ்சி நீளம்.
பாட்டு முடிந்து வெறும் வாத்தியம் போகுது,
வள்ளம் இன்னும் போகுது.
கரையில் துணி ஆட்டின பெடியனுக்குக் கை உளைந்துபோனதாம்;
அண்டைக்கு வந்து பேசின பேச்சு
ஜெத்மல் மொழிபெயர்க்காமலே விளங்கினது.
நான் கரைக்கு முதுகு காட்டி இருந்தனான்.
கரையைப் பார்த்து வலித்தது அவர்.

"காணேல்லையோ?" எண்டு அண்டைக்கே கேட்டன்.
"தொப்பி மறைச்சது."

மூன்றாம் நாளும் போய்ப் பார்த்தன்.
தண்ணி முகத்தில் அடித்தபோதே
தொப்பி பின்னால் சரிந்துவிட்டது.
வடிவாய்த் தெரியுது.
ஒரு மைலுக்கு அங்கால் கடல் கறுக்கிறதை வைத்துச்
சூடையோ கீரியோ எண்டு சொல்ற மனுசன்.