ஏணியின் மூன்றாம் படி

செவ்வாய் காலை அது வகை நான்கு.
மதியம் மூன்று. சாயங்காலம் மறுபடி நான்கு.
லூசியானாவின் தார்ச்சாலை முடிந்து
சேறு தொடங்கும் இடம் எங்களுடையது.
தொலைக்காட்சியில் அந்தக் கணிப்புக் கூம்பு
ஈரத்துணி போல நகர்ந்து நகர்ந்து
எங்கள் மேலேயே படிந்தது.

"போன தடவை ஓடினோமே" என்றான் க்ளோவிஸ்.
"புயல் டெக்சஸ் பக்கம் போயிடுச்சு.
விடுதிக்கு அறுநூறு டாலர்.
கரண்ட் இல்லாம இறால் அழுகி
வீடே ஒரு வாரம் நாறிச்சு."
உண்மைதான். உறைபெட்டியை நான்தான் கழுவினேன்.

அவன் சொல்லாதது படகு.
இரட்டைக் கயிறு கட்டி, பழைய டயர்களைத் தொங்கவிட்டு,
ராத்திரி இரண்டு முறை எழுந்துபோய்
முடிச்சைத் தொட்டுவிட்டு வந்தான்.
கடன் இன்னும் நாலு வருஷம்.

ஷெரீஃப் ஆபீஸ் பையன் வந்தான்,
வியர்வையோடு, குரலைத் தாழ்த்தி:
இருப்பதென்றால் இருங்கள்,
பெயரையும் பிறந்த தேதியையும்
அழியாத மையில் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.
பேனாவையும் அவனே கொடுத்தான்.
எதிர்வீட்டு தியோஜீன் சிரித்தான்.
அவன் மனைவி சிரிக்காமல்
முன்கையை நீட்டினாள்.

நான் எண்ணிப் பார்த்தேன்.
கால் டாங்க் பெட்ரோல்.
ரத்த அழுத்த மாத்திரை பதினொன்று.
எந்த விடுதியும் சேர்க்காத ஒரு நாய்.
மனசு மட்டும் கணக்குக்கு வரவில்லை.

பிறகு அவன் கோடரியை எடுத்தான்.
தண்ணீர் ஏறினால் பரணுக்கு ஏற வேண்டும்,
பரணுக்கும் வந்தால்
கூரையைப் பிளக்க வேண்டும்.
இங்கே எல்லா வீட்டுப் பரணிலும் ஒரு கோடரி உண்டு.
பேச்சில் கிடையாது.

ஒரு படி. இரண்டு.
மூன்றாம் படியில்
இடது முழங்கால் மடங்க மறுத்தது.
நின்றான்.
கோடரிக் காம்பு நெற்றியில் சாய்ந்திருந்தது.
கீழே பார்க்கவில்லை.
நான் பாத்திரம் துலக்கும் சத்தத்தைக் கூட்டினேன்.

எவ்வளவு நேரமோ.
குழாயை மூடிவிட்டுச் சொன்னேன்:
"எனக்குப் பயமா இருக்கு. என்னைக் கூட்டிட்டுப் போ."

பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.
அந்த நிமிஷத்தில் இல்லை, அவ்வளவுதான்.
முப்பத்தெட்டு வருஷத்தில் அவனிடம்
எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன்.
ஒன்றையும் இப்படி உடனே நம்பியதில்லை.

"நீ பயப்படுறதால போறோம்" என்றான்,
சாவியைத் தேடிக்கொண்டே,
நொண்டாமல் நடக்கப் பார்த்தபடி.

வடக்கே போகும் சாலையில்
வண்டிகள் நின்று நின்று ஊர்ந்தன.
நாய் என் மடியில்.
பின்சீட்டில் கோடரி.
எதற்கென்று கேட்கவில்லை.
கரை திரும்பும் வரை
பக்கக் கண்ணாடியில் எரிந்துகொண்டிருந்தது
தியோஜீன் வீட்டு விளக்கு.