ஏழு கணு

விசுவமடுவில் ஒரு வெங்காயத் தாளைப் பிடித்து
வெள்ளைத் தட்டின்மேல் மெல்ல உதறினேன்.
பென்சில் சீவிய தூள்போல ஏதோ விழுந்தது.
பிறகு தூள் நடந்தது.

இலைப்பேன். நெற்காரர் வாயில் பனிப்பூச்சி.
முழு உடம்பும் ஒரு காற்புள்ளிக்குள் அடங்கும்.
நாலு சிறகு, நாலுக்கும் விளிம்பெல்லாம் மயிர்.
தாடை இடப்பக்கம் மட்டும்.
அந்த ஒற்றைத் தாடையால் குத்தி உறிஞ்சி
வயல் முழுக்க வெள்ளி பூசிவிடும்.

மார்கழியில் பிடித்தவை கறுப்பு.
மாசியில் மண்ணிறம்.
சித்திரையில் மஞ்சள், தேமல் நிறத்து மஞ்சள்.
மூன்று குப்பி வைத்தேன், அறுபது வீத அற்ககோல்,
மூன்று துண்டுக் கடதாசி, என்னுடைய நல்ல கையெழுத்து.
எனக்கு முன்பும் அப்படித்தான்:
குளிர்நாட்டில் ஒருவர், வெயில்நாட்டில் ஒருவர்,
புகையிலையில் கண்டவர், பூசணியில் கண்டவர்,
ஒரே பூச்சிக்குப் பத்துப் பதினைந்து பேர் வைத்து
ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும்
தங்கள் பேரையும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சந்தேகத்தில் ஒரு தாயைத் தனியே வளர்த்தேன்.
ஆண் தேவையில்லாத சாதி இது.
குஞ்சுகளில் பாதி குளிரூட்டிக்குள்,
பாதி தகரக் கூரைக்குக் கீழே யன்னலோரம்.
கிளிநொச்சியில் கரண்ட் நின்ற மணித்தியாலங்களையும்
கொப்பியில் குறித்துவைத்தேன்.
யன்னல் பக்கத்தார் பன்னிரண்டாம் நாள்
மஞ்சளாய்ச் சிறகு கட்டினார்கள்.
குளிர்ப் பக்கத்தார் ஒரு மாதத்துக்குமேல் எடுத்து
வந்தார்கள், கறுத்து.

ஒரே வயிறு.

சோடியமைதரொட்சைட்டில் ஊறவைத்தால் நிறம் கழன்றுபோகும்.
கழன்றபின் எவர் மார்கழி, எவர் சித்திரை என்று
பிடித்த எனக்கே தெரியாது.
நுணுக்குக்காட்டியில் உணர்கொம்பின் கணுக்களை எண்ணினேன்.
ஏழு.
ஏழு.
ஏழு.

மறுமொழி கேட்டு வந்தா தோட்டத்துக்காரி.
"மூண்டு சாதியோ தங்கச்சி?"
"ஒண்டுதான் அக்கா."
"அப்ப மருந்தும் ஒண்டு. காசு மிச்சம்" என்றவ
எழும்பிப் போகவில்லை.
பொலித்தீன் பையிலிருந்து கடதாசிகளை எடுத்து
என் வழுக்கித் தட்டுகளுக்குப் பக்கத்தில் பரப்பினா.
காணிப் பெர்மிற்றில் தவமணிதேவி.
அடையாள அட்டையில் தபமனி.
முகாமில் பதிந்த குடும்ப அட்டையில் தவமலர்.
"எழுதினவருக்குத் தமிழ் தெரியாது.
எனக்கு அண்டைக்குக் கதை வரேல்லை.
அவர் என்னத்தை எழுதினாலும் ஓம் எண்டிட்டன்."
பிரதேச செயலகத்தில் கேட்கிறார்களாம்:
மூவரும் ஒருவரே எனச் சத்தியக்கடதாசி,
சாட்சி இரண்டு.
"ஒருத்தர் சரி. மற்றது நீங்கள் பாத்துச் சொல்லுங்கோவன்,
இதுதானே உங்கட வேலை."
சொல்லிவிட்டு அவவே சிரித்தா.

பார்த்தேன்.
பெர்மிற் எடுத்தவவையும்
வரிசையில் ஓம் சொன்னவவையும்
எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்தவ வைகாசி வெயிலில் வந்திருக்கிறா,
நகத்துக்குள் செம்மண்,
காதில் தோட்டுக்குப் பதில் ஈர்க்கு.
கையெழுத்து வைத்தேன்,
ஒரு கணுவும் எண்ணாமல்.

அவ வைத்துவிட்டுப் போன ஒருபிடி வெங்காயத்தின் தாளிலும்
வெள்ளிக் கீறல் இருந்தது.
அதே பேனையால் கறுப்பையும் மண்ணிறத்தையும் வெட்டினேன்.
இரண்டு குப்பி கழுவிக் கவிழ்த்தேன்.
அன்று இரவு நல்ல நித்திரை.

ஆனியில் ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு பொதி வந்தது.
மிளகாய்க் கொழுந்து, மஞ்சள் இலைப்பேன்,
கைவில்லைக்குக் கீழே அதே மஞ்சள், அதே தூள்.
பழகிய கை அதே குப்பியில் போடப் போனது.
போடமுதல் ஒன்றை வழுக்கியில் ஏற்றினேன்.
எட்டு.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன்.
எட்டு.
மற்றக் கொம்பிலும்.

கவிழ்த்த குப்பியில் ஒன்றை நிமிர்த்தினேன்.
திகதி. இடம். செடி. பிடித்தவர்.
பேருக்குரிய கோட்டில்
பேனை கொஞ்ச நேரம் நின்று
மூடிக்குள் போனது.