ஐந்துக்கு ஐந்து

ஒடுகத்தூர் வேளாண் ஆபீஸ் சுவரில்
ஒட்டியிருந்த தாளில் எங்கள் பிர்கா இல்லை.
இரண்டு முறை படித்தேன்.
பின்னால் நின்ற தணிகாசலம்
என் தோளுக்கு மேலாக எட்டி
மூன்றாம் முறை படித்தார்.

ஆடியில் போட்ட மல்லாட்டை.
பூ விட்டு ஊசி இறங்கும் நேரம் பார்த்து
முப்பத்தெட்டு நாள் மழை இல்லை.
உத்திரகாவேரியில் ஆடுகள் மணலை முகர்ந்துவிட்டுத் திரும்பின.
பிரீமியம் கட்டிய ரசீது
பாஸ்புத்தகத்துக்குள் இருந்தது,
பாஸ்புத்தகம் மஞ்சள் பைக்குள்,
பை அரிசி டிரம்முக்குள்.

காய்ந்துபோச்சு என்று வாயால் சொன்னால் செல்லாது,
அறுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.
பிர்காவுக்கு நாலு வயல்.
வயலுக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர்.
நாலாவது வயல் எங்களுடையது.

வந்தவர் சின்ன வயசு, ஷூவெல்லாம் செம்மண்.
கையிலிருந்த எண் பட்டியலைப் பார்த்து
தெற்கே நாற்பத்தொரு எட்டு வைத்தார்,
மேற்கே ஒன்பது.
முளைக்குச்சி இறங்கிய இடம்
ஒன்றேகால் ஏக்கரில்
பச்சையாய் இருந்த ஒரே மூலை.

அது தேசம்மாவின் மூலை.
விதைக்காவது ஆகட்டும் என்று
அரிசி களைந்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர்,
டேங்கர் வந்த அன்று
வரிசையில் சண்டை போட்டு வாங்கிய ரெண்டு குடம்,
எல்லாம் இடுப்பில் ஏறி அங்கேதான் போனது.

"சார், அந்தாண்ட காஞ்சி கெடக்குது, அங்க போடுங்க."
"நம்பர் சொன்ன எடம்தாங்க.
மாத்துனா என் வேலை போயிடும்."
நியாயமான ஆள்.
கொடுத்த மோரைக்கூடத் தொடவில்லை.

கயிறு கட்டி, பிடுங்கி, காய் ஆய்ந்து
தராசில் வைத்தபோது
ஐந்து கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது.

ஆபீஸ் கிளார்க் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.
ஒரு கிலோ நூறு.
தொள்ளாயிரம் கிராம்.
எண்ணூறு.
எங்களுடையது ஆறு கிலோ இருநூறு.
கூட்டி நாலால் வகுத்தால் இரண்டேகால் கிலோ.
நஷ்டக் கோடு இரண்டு கிலோ இருநூறில் நிற்கிறது.
ஐம்பது கிராம் மேலே போய்விட்டோம்,
முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பமும்.

பஸ்ஸில் தணிகாசலம் கேட்டார்:
"எவன் நெலத்துலய்யா அப்படிக் காய்ச்சுது?"
கண்டக்டரிடம் சில்லறை வாங்குவதில்
நான் மும்முரமாக இருந்தேன்.

ஐந்து தொள்ளாயிரத்து ஐம்பது
எப்படி ஆறு இருநூறு ஆனது என்பது
நோட்டில் இல்லை.
சார் தராசை எடுத்து வைக்கப் போன நேரம்
தேசம்மா பிடுங்கிய மண்ணில் குந்தி
விரலால் கிண்டிக்கொண்டிருந்தாள்.
காம்பு அறுந்து மண்ணில் தங்கிய காய்களை
விட்டுவர அவளுக்குக் கை வராது.
முந்தானையில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள்.
"இதையும் போடுங்க சார், உள்ளயே நின்னுபோச்சு."
அவர் எழுதியதை அடித்துத் திருத்தினார்.
"நல்ல வெளைச்சம்மா" என்றார்.
கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில்
யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.
நான் உட்பட.

வீட்டுக்கு வந்தேன்.
"பணம் ஏறிடுச்சா?"
"இன்னும் இல்ல."
கோணிமேல் அந்த மூலைக் காய்கள் காய்ந்துகொண்டிருந்தன.
கால் கிலோ என்றால் எவ்வளவு இருக்கும் என்று
ரெண்டு கையாலும் அள்ளிப் பார்த்தேன்.

"துன்னாத" என்றாள்,
"வெதைக்கு."