ஆயாக

மாசத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது என்று
நாங்களே கூடி முடிவு செய்ததுதான்.
சின்னப்பாலத்துப் பெண்கள் அறுபது பேர்,
கோயிலுக்குப் பின்னால் வலைக் கொட்டகையில்.
ரெஜினாள் கோடு போட்ட நோட்டில் எழுதினாள்:
சுரண்டி கொண்டு போகக் கூடாது.
கையால் பறிக்கணும். அடியை விடணும்.
கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

பதின்மூன்றாம் நாள்
குழுக்கடன் வசூல்காரன் வாசலில் வந்து
பைக்கை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தான்.
ஹாரன்கூட அடிக்கவில்லை.
மறுநாள் விடியுமுன்
தகரச் சுரண்டியை முந்தியில் முடிந்துகொண்டு
தனியாகப் பாருக்கு இறங்கினேன்.

மரிக்கொழுந்து.
தலையில் வைக்கிற செடிக்கும் அதே பேர்,
இந்தப் பாசிக்கும் அதே பேர்.
சுரண்டச் சுரண்ட வந்தது,
வேரோடு, கல்லின் தோலோடு.
மூச்சுக்கு மேலே வந்தபோதெல்லாம்
பாலத்தில் போகும் ஏதோ ஒரு பஸ்ஸின் வெளிச்சம்
என்னைத்தான் தேடுகிறதென்று பட்டது.

கூட்டத்தில் கேட்டார்கள்,
பாரை மொட்டையடித்தது யார்?
மெட்டில்டா வீட்டுச் சாக்கு ஈரமாயிருந்தது என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.
ஈரமாயிருந்தது உண்மைதான்.
முந்தின ராத்திரி மழை.

அவளை ஒரு மாதம் யாரும் வள்ளத்தில் ஏற்றவில்லை.

ஆண்டவரே,
உம்முடைய பத்தையும் நான் விரல் மடக்கிப் படித்தவள்.
ஞாயிறு வகுப்பில் ஒப்பித்து
பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி பரிசு வாங்கியவள்.
ஆனால் ஒவ்வொன்றும் எனக்கு
கடற்கரைச் சாலைச் சோதனைச் சாவடிதான்.
டார்ச் அடித்து நிறுத்தும்.
கூடையைக் கவிழ்க்கச் சொல்லும்.
ஒன்றுமில்லை என்றால் போ என்னும்,
அதையும் முகம் பார்க்காமல்.

இரண்டு அமாவாசை கழித்து அதே பாருக்குப் போனேன்.
நான் சுரண்டிய இடம் சொட்டைத் தலைபோல் வெளுத்துக் கிடந்தது.
நாலு முழம் தள்ளி,
யாரோ கையால் பறித்துப்போன கல்லில்
விரல்நீளம் தழைத்து
அலைக்கு அலை அசைந்துகொண்டிருந்தது.
கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.
கடல்தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடியை விடணும்.
கடலுக்காகச் சொன்னது என்று நினைத்திருந்தேன்.
மெட்டில்டாவிடமிருந்து
வேரோடு நான் சுரண்டி எடுத்தது என்ன?
என்னிடமிருந்து?
ஒரு பொய்க்குப் பிறகு என் நாக்கில்
நல்லது எதுவும் முளைக்கவில்லை.
பிள்ளைகளிடம் பேசினால்கூடக்
கல் உரசும் சத்தம்.

அந்த வாரம் அக்கா மகளுக்குக் கல்யாணம்.
சாமியார் கை நீட்டி, வாழ்வாயாக, வளர்வாயாக என்றார்.
எனக்குச் சட்டென்று
சின்ன வயது மந்திரப் புத்தகம் ஞாபகம் வந்தது.
செய்யாதிருப்பாயாக.
சொல்லாதிருப்பாயாக.
அதே வால்.
எத்தனை முறை ஒப்பித்தும் காதில் விழாத வால்.
அதட்டலுக்கு ‘ஆயாக’ எதற்கு?
ஏ நாயே, ஓடுவாயாக என்று
யாராவது கல்லெடுப்பார்களா?
பொண்ணு மாப்பிள்ளைமேல் அரிசி விழுந்துகொண்டிருந்தது.
பத்துத் தடவை ஆசீர்வதித்திருக்கிறீர்.
பத்துத் தடவையும்
கூடையை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கொட்டகையில் எழுந்து சொல்லிவிட்டேன்.
ஐந்நூறு ரூபாய் அபராதம், இரண்டு மாதம் விலக்கு.
மெட்டில்டா தலைமுடியை அவிழ்த்து
மறுபடி முடிந்தாள்.
என் பக்கம் திரும்பவில்லை.
மன்னிப்பென்று அவள் எதையும் சொல்லவுமில்லை,
இன்றுவரை.

விலக்கு முடிந்து முதல் நாள்.
விரல்களில் துணி சுற்றி,
கழுத்தளவு தண்ணீரில் நான்.
வள்ளத்திலிருந்து ஒரு குரல்,
எனக்கில்லை, தண்ணீருக்குச் சொல்வதுபோல:

“அந்தப் பக்கம் போகாத.
திருக்கை படுத்துக் கெடக்கு.”

போகாத.
அவள் வாயில் வந்தது அவ்வளவுதான்.
மீதி எழுத்துகளை
முங்கிய பிறகு,
கடல் காதை அடைத்த பிறகு கேட்டேன்.

கல்லைத் தடவி
ஒரு பிடி பறித்தேன்.
அடி இருந்தது.