நாலு டிகிரி

கொட்டாஞ்சேனை ஜெம்பட்டா வீதியில்
என் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
கதவு கழற்றிய பிரிஜ் ஒன்று வாசலில் நிற்கும்,
அதுதான் அடையாளம்.

இமெல்டா கொறேரா திருத்தத் தந்த பிரிஜை
ஒன்றரை வருடமாய் யாரும் எடுக்க வரவில்லை.
தந்த நம்பர் பாவனையில் இல்லை.
இங்கிலாந்தில் மகனிடம் போய்விட்டார் என்றார்கள்.
இல்லை, மாதம்பிட்டி மயானத்துக்கு என்றார்கள்.
கொம்பிரசர் மாற்றிய கூலி இன்னும் நிலுவை.

விற்றுவிடலாம் என்று மரக்கறித் தட்டை இழுத்தேன்.
ஓரத்தில் ஒரு மருந்துப் போத்தல்,
காய்ந்த மணலில் பதினொரு விதை,
ஒவ்வொன்றும் கல்.
ஒட்டியிருந்த தாளில் சாய்ந்த கையெழுத்து:
ஹாத்தோர்ன். வேலிக்கு நடும் முள்செடி.
மணலை ஈரமாக்கு.
இரண்டு மாதம் சூட்டில் வை.
பிறகு நாலு மாதம் குளிரில்.
உறைய விடாதே.

அதற்குக் கீழே, வேறு மையில்:
அவசரப்படாதே.

சூடு கொழும்பில் இலவசம்.
தகரக் கூரைக்கு அடியில் போத்தலைச் செருகினேன்,
மார்கழியிலும் தகரம் சுட்டது.
குளிரைத்தான் காசு கொடுத்துச் செய்யவேண்டும்.
அது என் தொழில்.
இருபத்தாறு வருடம்
மீனுக்கு, இன்சுலினுக்கு, கலியாணக் கேக்குக்குக்
குளிர் செய்து கொடுத்தவன்,
ஒரு விதைக்கு மாரிகாலம் செய்து கொடுத்ததில்லை.

தெர்மோஸ்டாட்டை நாலில் நிறுத்தினேன்.
விதைக்குள் ஒரு கணக்கு ஓடுமாம்.
எத்தனை நாள் குளிர்ந்தது என்று எண்ணி எண்ணி,
போதும் என்று பட்டால்தான் வாய் திறக்குமாம்.

அந்த வருடம் பார்த்துத்தானா கரண்ட் கட்?
ஒருநாள் ஐந்து மணித்தியாலம், மறுநாள் பத்து.
எண்ணிக்கொண்டிருந்தது
எதில் விட்டோம் என்று மறந்துபோகாதா?
நிஸ்தாரை முகத்துவாரத்துக்கு அனுப்பினேன்,
ஐஸ் வாடியில் அரைக்கட்டி வாங்க.
பெற்றோல் இல்லை, சைக்கிளில் போனான்.
வழியில் கரைந்தது போக மிச்சம்
சாக்குக்குள் மீன் வாசத்தோடு வந்தது.
இங்கிலாந்தின் பனிக்காலம்
எங்கள் கடையில் கும்பளாவாய் நாறியது.

"முதலாளி, இது என்ன காய்க்கும்?"
"முள்."

ஆனியில் ஒன்று மட்டும் பிளந்தது.
மற்றப் பத்தையும் இன்னும் எறியவில்லை.

மணல் இரண்டு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு.
காலை வெயில் போதும்,
பின்னேர வெயிலைச் சுவர் வாங்கிக்கொள்ளட்டும்.
தண்ணீர் தேங்கினால் வேர் கறுக்கும்.
ஒரு சாண் வளர்ந்ததும் நுனியை வெட்டவேண்டும்,
அப்போதுதான் அடியில் கிளை பிரியும்.
கத்தரியை எடுத்தேன். வைத்தேன்.
மறுநாள் நிஸ்தார் தேநீருக்குப் போன நேரம் பார்த்து வெட்டினேன்.

இப்போது முழங்கால் உயரம்.
இலை கோழிக்கால் போலப் பிளந்திருக்கிறது.
உதிர்க்கத் தெரியாமல் நிற்கிறது.
உதிர் என்று சொல்ல இந்த ஊரில் ஆளில்லை.
அதனால் டிசம்பர் பிறந்ததும்
தட்டுகளைக் கழற்றிவிட்டுச் சட்டியோடு தூக்கிக்
கொறேராவின் பிரிஜுக்குள் வைக்கிறேன்.
முதலில் பதினைந்து, பிறகு பத்து, பிறகு நாலு.
கதவு திறந்தால் விடிந்துவிட்டதென்று நினைக்கும்,
பல்பையும் கழற்றியாயிற்று.
ஓரத்து முள் ஒன்று புறங்கையில் கோடு போட்டது.
கூலி என்று வைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு ஐம்பத்தெட்டாம் நாள்.
ஆமர் வீதியிலிருந்து ஒருவர் வந்தார்,
பழைய பிரிஜ் தேடி.
எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார்,
இதன் முதுகில் காது வைத்துக் கேட்டார்,
"இதுதான் நல்லா ஓடுது, எவ்வளவு?" என்று
கைபிடியில் கை வைத்தார்.

"திறக்காதீங்க,
உள்ளே ஆள் இருக்கு" என்றேன்.